கடலோரச் சாலைகளின் கதை – 12: ஐந்து முறை வெட்டிய பாதை

சென்ற இதழில் ஜாவாத் தீவின் அஞ்சல் சாலையைப் பார்த்தோம். மேற்கே அன்யெர் முதல் கிழக்கே பனாருக்கான் வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். 1808-ல் டச்சு ஆளுநர் டேன்டெல்ஸ் போட்ட ஆணை, சில ஆண்டுகளுக்குள் சாலையாகிவிட்டது. அதற்காக மாண்ட ஜாவானியர்களின் கணக்கு இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் போட்ட சாலை நின்றது. இன்றைக்கும் அதன் பெரும்பகுதி வழியாக லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அதற்கு நேர் எதிரான ஒரு சாலை. ஒரு முறை போட்டு முடிக்க முடியாத சாலை. கடந்த 150 ஆண்டுகளில் மூன்று அரசுகள் இதை ஐந்து முறை வெட்டின. ஒவ்வொரு முறையும் மலை சரிந்தது. ஒவ்வொரு முறையும் மனிதர்கள் திரும்பி வந்து வெட்டினார்கள். தைவான் தீவின் கிழக்குக் கரையில், சூஆவ் என்ற மீன்பிடித் துறைமுகத்தையும் ஹுவாலியன் நகரத்தையும் இணைக்கும் சூஹுவா நெடுஞ்சாலைதான் அது. நீளம் சுமார் 118 கிலோமீட்டர். சென்னைக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள தூரம்தான். அந்தச் சிறிய தூரத்துக்குள் ஒரு தீவின் வரலாறே அடங்கியிருக்கிறது.

தலைநகர் தைபேயில் தொடங்கி, தீவின் கிழக்குப் பகுதி வழியாக இறங்கி, தெற்கே பிங்டுங் மாவட்டத்தின் ஃபெங்காங் வரை போகும் 9-ஆம் எண் மாகாண நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. தைவானின் மாகாண அரசு 1998-ல் ஏறக்குறைய கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது பராமரித்து வந்த சாலைகளுக்கு மாகாண நெடுஞ்சாலை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கரை என்று ஒன்று இல்லாத கடலோரம்

கடலோரச் சாலை என்றதும் நம் மனத்தில் எழுவது மணலும் சவுக்குத் தோப்பும் உப்பளமும்தான். தைவானின் கிழக்கில் அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். தீவின் மேற்குப் பகுதி சமவெளி. நெல்வயல்களும் பெருநகரங்களும் அங்கேதான். கிழக்கே நடு மலைத்தொடர் அப்படியே பசிபிக் பெருங்கடலுக்குள் இறங்கிவிடுகிறது. ஹெபிங்குக்கும் சோங்டேவுக்கும் இடையே உள்ள சிங்ஷுய் செங்குத்துப் பாறைகள் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலிலிருந்து நேராக எழுகின்றன. அவற்றுக்குப் பின்னால் நிற்கும் சிங்ஷுய் மலையின் உயரம் 2,408 மீட்டர். அதன் உச்சிக்கும் அலைக்கும் இடையே சமதரை என்று சொல்ல ஏதும் இல்லை.

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பிலிப்பைன் கடல் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வேகத்தில் யுரேசியத் தட்டை நோக்கி நகர்கிறது. அந்த மோதலில் நெரிந்து எழுந்த தீவு தைவான். சலவைக்கல்லும் நைஸ் பாறையும் அழுத்தத்தில் மேலேறிக்கொண்டே இருக்கின்றன. நிலநடுக்கம் பாறையைப் பிளக்கிறது. கோடையில் வரும் சூறாவளிகளும், நமக்குப் பழக்கமான அதே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றும் அந்தப் பிளவுகளில் தண்ணீரை நிரப்புகின்றன. பிறகு மலை சரிகிறது. மழைக்காலம்தோறும் நடக்கும் வேலை இது.

இந்தப் பாறைச் சரிவுகளிலும் ஆற்று முகங்களிலும் காலங்காலமாக வாழ்ந்தவர்கள் தைவானின் பழங்குடி மக்கள். வடக்கே அதயல், சிங்ஷுய் பாறைகளை ஒட்டி ட்ருக்கு, ஹுவாலியன் சமவெளியில் சக்கிசாயா, கவலான், அமிஸ். அவர்களுக்கு வேட்டைத் தடங்கள் இருந்தன, படகுகள் இருந்தன. கரையோரமாக ஒரு நீண்ட சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள்.

முதல் வெட்டு: 1874

கதை ஒரு கப்பல் விபத்தில் தொடங்குகிறது. 1871-ல் ரியூக்யூ தீவுகளைச் சேர்ந்த கப்பல் ஒன்று தைவானின் தென்முனையில் உடைந்தது. கரையேறியவர்களில் 54 பேரை அங்கிருந்த பைவான் பழங்குடியினர் கொன்றுவிட்டார்கள். அதைக் காரணமாகக் காட்டி, 1874-ல் சாய்கோ சுகுமிச்சி தலைமையில் ஜப்பான் படையெடுத்து வந்தது. சீனாவின் சிங் பேரரசு எதிர்ப்புத் தெரிவித்தபோது ஜப்பான் ஒரு கேள்வி கேட்டது. தைவானின் கிழக்குப் பகுதியில் உங்கள் ஆட்சி நடக்கிறதா? அங்கே உங்கள் அதிகாரி உண்டா, படை உண்டா, சாலை உண்டா?

பேரரசிடம் பதில் இல்லை. இரு நூற்றாண்டுகளாகத் தைவானின் மேற்குப் பகுதியை மட்டும் ஆண்டு வந்தார்கள். மலைக்கு அப்பால் போய்க் குடியேற சீனர்களுக்குத் தடையே விதித்திருந்தார்கள். கடைசியில் ஐந்து லட்சம் வெள்ளித் தேல் கொடுத்து ஜப்பானியப் படையைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இந்த நெருக்கடிக்காகத் தைவானுக்கு அனுப்பப்பட்ட பேரரசத் தூதர் ஷென் பாவ்ஷென், மலையைத் திறந்து பழங்குடிகளை அடக்குவது என்ற கொள்கையை வகுத்தார். வடக்கு, நடு, தெற்கு என மூன்று பாதைகள் ஒரே நேரத்தில் கிழக்குப் பகுதிக்கு வெட்டப்பட்டன. குடியேற்றத் தடை 1875-ல் நீங்கியது.

வடக்குப் பாதையை வெட்டும் பொறுப்பு தளபதி லுவோ டாசுனிடம் வந்தது. படைவீரர்களும் கூலியாட்களும் சூஆவிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். காட்டை வெட்டுவது, பாறையை உடைப்பது, ஆற்றின் மேல் மரப்பாலம் போடுவது, வழியெங்கும் காவல்கோட்டை கட்டுவது என்று வேலை நடந்தது. நோயும் பழங்குடிகளின் தாக்குதலும் அவர்களில் பலரைக் கொன்றன. லுவோ டாசுன் எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு முதன்மைச் சான்றாக இருக்கிறது. சில மாதங்களில் பாதை ஹுவாலியன் சமவெளியைத் தொட்டுவிட்டது.

ஆனால் அது ஒருவர் பின் ஒருவராக நடந்து போகும் படைவழி. வணிகர்களோ குடும்பங்களோ அதில் போகவில்லை. காவல்கோட்டையில் ஆள் இருக்கும் வரைதான் அது வழி. படை விலகியதும் காடு மூடிக்கொண்டது, மழை கரைத்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே வடக்குப் பாதை பயன்பாட்டிலிருந்து மறைந்தது.

பாதை போன இடத்தில் நடந்தது

பாதை மறைந்தாலும் அது கொண்டுவந்த படை ஹுவாலியன் சமவெளியில் தங்கிவிட்டது. அதன் அத்துமீறல்களைப் பொறுக்க முடியாமல் 1878-ல் கவலான் மக்களும் சக்கிசாயா மக்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். சக்கிசாயாக்களின் ஊரைச் சுற்றி அடர்ந்த முள்மூங்கில் வேலி இருந்தது. சிங் படைகள் அந்த வேலிக்குத் தீ வைத்து ஊருக்குள் நுழைந்தன. சக்கிசாயா தலைவர் கோமோத் பாசிக் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவருடைய மனைவி இசெப் கனசாவும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

தப்பியவர்கள் பக்கத்து அமிஸ் ஊர்களுக்குள் கலந்து ஒளிந்தார்கள். தங்கள் பெயரை வெளியில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்த ஜப்பானிய அரசு கணக்கெடுத்தபோது அவர்களை அமிஸ் என்றே எழுதிக்கொண்டது. அதற்குப் பின் வந்த அரசும் அப்படியே எழுதியது. ஒரு மக்கள்கூட்டம் தன் பெயரை மறைத்துக்கொண்டு நான்கைந்து தலைமுறைகள் வாழ்ந்தது. 2006 முதல் அவர்கள் தங்கள் தலைவரையும் முன்னோரையும் நினைத்துத் தீ வழிபாடு ஒன்றை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். 2007 ஜனவரி 17 அன்று தைவான் அரசு சக்கிசாயாக்களைத் தனிப் பழங்குடியாக ஏற்றுக்கொண்டது. அதாவது, எரிந்த ஊருக்கு 129 ஆண்டுகள் கழித்து.

சாலை வரலாறு எழுதுபவர்கள் பொறியாளர் பெயரையும் தளபதி பெயரையும் எழுதுவார்கள். இந்தத் தொடரில் கோமோத் பாசிக், இசெப் கனசாவ் ஆகியோரின் பெயர்களும் அதே அழுத்தத்தோடு இடம்பெற வேண்டும் என்பது என் எண்ணம். பாதை யாருக்காக வெட்டப்பட்டது என்ற கேள்விக்கு அவர்கள் முடிவே பதில்.

காவலர் பாதை, பிறகு மோட்டார் சாலை

1895-ல் தைவான் ஜப்பானின் கைக்குப் போனது. அதன் கிழக்குக் கரையில் ஜப்பானியர்களுக்கும் ட்ருக்கு மக்களுக்கும் மோதல் உடனே தொடங்கிவிட்டது. 1896-ல் சின்செங்கில் ஜப்பானியப் படைவீரர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் முடிவு 1914-ல் வந்தது. தலைமை ஆளுநர் சகுமா சமாதா தாமே களத்தில் இறங்கி, படையும் காவலரும் சுமைகூலிகளுமாக ஆயிரக்கணக்கானோரோடு ட்ருக்கு மலைகளுக்குள் புகுந்தார். எதிரே நின்ற ட்ருக்கு வீரர்கள் எண்ணிக்கையில் அவர்களைவிட மிகக் குறைவு. அந்தக் கோடையோடு அவர்கள் துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. பிறகு மெல்ல மெல்ல மலையூர்களைக் காலி செய்து, கண்காணிக்க வசதியாக அடிவாரத்தில் குடியமர்த்தினார்கள்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1916-ல், கடற்கரையை ஒட்டி மீண்டும் பாதை வெட்டும் வேலை தொடங்கியது. இது இரண்டாவது வெட்டு. பழங்குடிகளைக் கட்டுக்குள் வைப்பதற்கான காவலர் பாதை என்பதை அரசு ஆவணங்களே ஒளிவின்றிச் சொல்கின்றன. வழியெங்கும் காவல்நிலையங்கள் எழுந்தன. பாதை வெட்டும் உழைப்பு அந்தப் பழங்குடி ஊர்களிலிருந்தே வாங்கப்பட்டது. 1920-களின் நடுவில் அது முடிந்தது.

அதற்குள் கிழக்கின் தேவைகள் மாறியிருந்தன. ஹுவாலியனில் ஜப்பானியக் குடியேற்ற ஊர்கள் வளர்ந்தன. சர்க்கரை ஆலைகள் வந்தன. 1926-ல் ஹுவாலியனிலிருந்து தைடுங் வரை குறும்பாதை ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த ரயில் மேற்கோடு இணையாமல் தனியே கிடந்தது. ஹுவாலியனுக்கு அன்று துறைமுகம் கிடையாது. கீலுங்கிலிருந்து வரும் கப்பல் கரைக்குத் தள்ளி நங்கூரமிடும். பயணிகள் சிறு படகுக்கு மாறி அலையில் நனைந்தபடி கரையேற வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் அவர்களை இறக்காமலே போய்விடும்.

ஆகவே 1927-ல் மூன்றாவது வெட்டு தொடங்கியது. காவலர் பாதையை அகலப்படுத்தி மோட்டார் வண்டி போகும்படி செய்யும் வேலை அது. சிங்ஷுய் பாறையின் இடுப்பில் ஒரு வண்டி மட்டும் போகும் அளவுக்கு வரி வெட்டினார்கள். வெட்ட முடியாத இடங்களில் குடைந்து சுரங்கம் போட்டார்கள். ஆற்று முகங்களில் பாலங்கள் கட்டினார்கள். 1932-ல் சூஆவிலிருந்து ஹுவாலியன் வரை பேருந்து ஓடியது. கடலோரச் சாலை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சுற்றுலாக் கையேடுகளிலும் அஞ்சலட்டைகளிலும் அது இடம்பிடித்தது. அப்போது கட்டிய பாலங்களில் ஒன்று தொண்ணூறு ஆண்டு கழித்து இந்தக் கதைக்குள் மீண்டும் வரும்.

கதவு திறக்கும் நேரம்

1945-ல் ஜப்பானிய ஆட்சி முடிந்து சீனக் குடியரசின் அரசு வந்தது. சூஆவ், ஹுவாலியன் இரண்டின் முதல் அசைகளையும் சேர்த்து இன்றைய பெயர் சாலைக்கு நிலைத்தது. 1953-ல் அறிவிக்கப்பட்ட தைவானின் எட்டு எழில்காட்சிகளில் சிங்ஷுய் பாறைகளும் ஒன்று. அந்த எழிலைப் பார்க்கப் போனவர்களுக்கும் அங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் கிடைத்தது ஒற்றை வழிச் சாலைதான்.

எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வழியில் பல ஊர்களில் கட்டுப்பாட்டு நிலையங்கள் அமைத்தார்கள். குறித்த நேரத்தில் கதவு திறக்கும். பேருந்து, லாரி, கார் எல்லாம் ஒரே வரிசையாகப் புறப்பட்டு அடுத்த நிலையம் வரை போகும். அங்கே எதிர்த்திசை வரிசை வந்து காத்திருக்கும். இரண்டும் கடந்ததும் அடுத்த கதவு திறக்கும். ஒரு வரிசையைத் தவறவிட்டவர் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். அரசுப் பேருந்துக் கழகத்தின் பெயர்பெற்ற தங்கக் குதிரை விரைவுப் பேருந்துகளும் இந்த வரிசைக்குக் கட்டுப்பட்டவையே. பிள்ளை படிக்கத் தைபேய்க்குப் போவதும், நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், விளைந்ததைச் சந்தைக்கு அனுப்புவதும் அந்தக் கதவின் நேரத்தைப் பார்த்தே நடந்தன.

வேறு வழிகளும் தேடப்பட்டன. 1960-ல் முன்னாள் படைவீரர்கள் உயிரைக் கொடுத்து வெட்டிய நடுக் குறுக்குச் சாலை, தரோகோ பள்ளத்தாக்கு வழியாக ஹுவாலியனை மேற்கோடு இணைத்தது. 1999 நிலநடுக்கத்தில் அதன் மேற்குப் பாதி சிதைந்துபோனது. 1973-ல் தொடங்கிய வடக்கு இணைப்பு ரயில் பாதை 1980 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஹுவாலியன் மக்கள் வாழ்வில் அது பெரிய திருப்பம். ஆனால் கிழக்கின் மக்கள்தொகைக்கும் விடுமுறைக் கூட்டத்துக்கும் ரயில் இருக்கைகள் எப்போதும் போதவில்லை. புத்தாண்டுக்கு ஊர் திரும்ப ரயில் சீட்டு கிடைக்காதவர்கள் சாலையைத்தான் நம்பினார்கள்.

நான்காவது வெட்டு இந்தக் காலத்தில் துண்டு துண்டாக நடந்தது. அகலப்படுத்துவது, வளைவை நிமிர்த்துவது, ஆபத்தான பாறைகளுக்குள் சுரங்கம் போடுவது என்று வேலை பல ஆண்டுகள் நீண்டது. 1990-ல்தான் முழுச் சாலையும் இருவழிச் சாலையாகித் தடையின்றி ஓடத் தொடங்கியது. கட்டுப்பாட்டுக் கதவுகள் மறைந்தன. ஆனால் அகலமான சாலை சிமெண்ட் லாரிகளையும் ஜல்லி லாரிகளையும் கூட்டி வந்தது. 2006-ல் தைபேயையும் இலானையும் இணைக்கும் ஷுவேஷான் சுரங்கம் திறந்தபோது, தலைநகரின் கார்களும் சூஆவ் வரை நொடியில் வந்து இந்த மலைச்சாலையில் நெருக்கின.

2010 அக்டோபர்

அந்த நெருக்கடிக்குத் தீர்வாக அதிவேக நெடுஞ்சாலை ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற திட்டம் 1990-களிலிருந்தே இருந்தது. கிழக்கு மக்கள் அதில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஊருக்குப் பாதுகாப்பான வழி வேண்டும் என்றது ஒரு தரப்பு. மேற்குக் கரையின் ஆலைகளும் நெரிசலும் இங்கேயும் வந்துவிடும், மலையும் நீரூற்றுகளும் அழிந்துவிடும் என்றது மறு தரப்பு. இரண்டு அச்சமும் நியாயமானவை. தேர்தல்தோறும் வாக்குறுதி எழுந்தது. சுற்றுச்சூழல் ஆய்வில் கோப்பு திரும்பியது. பத்தாண்டுகள் இப்படிக் கழிந்தன.

2010 அக்டோபர் 21. மெகி சூறாவளி தைவானைத் தாக்கவே இல்லை. தெற்கே கடலில் கடந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் வெளிச்சுற்றுக் காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் சூஆவின் மேல் சந்தித்தன. ஒரு மணி நேரத்தில் 180 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சூஹுவா சாலையில் பல இடங்களில் ஒரே நேரத்தில் மலை சரிந்தது. நூற்றுக்கணக்கானோர் இரு சரிவுகளுக்கு நடுவே சிக்கினார்கள். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் பேருந்து ஒன்று சாலையோடு கடலுக்குள் போனது. அந்த ஒரு நாளில் இந்தச் சாலை 26 உயிர்களை வாங்கியது.

அதன் பிறகு ஹுவாலியன் மக்களின் கோரிக்கை ஒற்றை வாசகமாகச் சுருங்கியது: பாதுகாப்பாக வீடு திரும்ப ஒரு சாலை. விரைவுச் சாலை வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் இந்த வாசகத்தை மறுக்க முடியவில்லை. அரசு நடுவழி ஒன்றைப் பிடித்தது. அதிவேக நெடுஞ்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதில், இருக்கும் மாகாணச் சாலையில் எங்கெங்கே அதிகம் சரிகிறதோ அந்தப் பகுதிகளை மட்டும் மலைக்குள் கொண்டுபோவது என்று முடிவானது. 2010 நவம்பரிலேயே சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. 2011 ஜனவரியில் வேலை தொடங்கியது.

மலைக்குள் போன சாலை

ஐந்தாவது வெட்டு இது. மூன்று துண்டுகளில் 38.8 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சுரங்கம்: எட்டுச் சுரங்கங்கள், பதின்மூன்று பாலங்கள். செலவு 5,000 கோடி தைவான் டாலருக்கும் அதிகம். மிக நீளமான குவான்யின் சுரங்கமும் அதை அடுத்துள்ள குஃபெங் சுரங்கமும் இடையில் ஒரு குறுகிய பாலத்தோடு சேர்ந்து 12 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. வெளியே மழை கொட்டினாலும் உள்ளே வண்டி ஓடும். தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பும், தப்பிக்கும் குறுக்கு வழிகளும் உள்ளே உண்டு. நொறுங்கிய பாறை அடுக்குகளில் தோண்டும்போது மலை பல முறை உள்ளே சரிந்தது. தோண்டிய இடத்தைத் தாங்கிப் பிடித்து, காரை அடித்து, சில அடிகள் முன்னேறி, மீண்டும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

2012-ல் ஹான்பென் என்ற இடத்தில் பாலத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வேலை நின்றது. மண்ணுக்கு அடியில் ஒரு பழைய ஊர் இருந்தது. ஆயிரம் முதல் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் வரை பழைமையான இரும்புக்கால ஊர். பலகைக்கல் வீடுகளின் அடித்தளங்கள், புதைகுழிகள், இரும்பு உருக்கிய கழிவு, கண்ணாடி மணிகள், பொன் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. ஜப்பானியரும் சிங் தளபதிகளும் யாருமே வராத கரை என்று நினைத்த இடத்தில், கடல் கடந்த வணிகத்தில் கலந்துகொண்ட மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் வருடக்கணக்கில் அகழ்ந்தார்கள். சாலை வேலையை எவ்வளவு நிறுத்தலாம், எதை அப்படியே விட வேண்டும் என்பதில் கடும் வாதங்கள் நடந்தன. 2016-ல் ஹான்பென் தேசியத் தொல்லியல் தளமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கரைக்குச் சாலை கொண்டுவந்தோம் என்று சொல்லிக்கொண்ட மூன்று அரசுகளுக்கும் ஹான்பென் தரும் செய்தி தெளிவானது. இந்தக் கரை ஒருபோதும் தனித்துக் கிடக்கவில்லை. அதன் வழி கடலாக இருந்தது.

சூஆவ் – டோங்ஆவ் துண்டு 2018 பிப்ரவரியிலும், மற்றவை 2020 ஜனவரி 6 அன்றும் திறக்கப்பட்டன. சூஆவிலிருந்து சோங்டே போக இரண்டரை மணி நேரம் ஆனது, ஏறத்தாழ 80 நிமிடமாகக் குறைந்தது. பழைய சாலையின் கைவிடப்பட்ட துண்டுகள் துணைச் சாலையாக எண் மாறி, மிதிவண்டி ஓட்டிகளுக்கும் அங்கங்கே வாழும் ஊர்க்காரர்களுக்கும் பயன்படுகின்றன.

இன்னும் முடியாத வேலை

ஆனால் சில பகுதிகள் பழையபடியே வெளியே விடப்பட்டன. அவற்றுள் ஹெரன் – சோங்டே பகுதி மிக ஆபத்தானது. 2024 ஏப்ரல் 3 காலை 7:58 மணிக்கு ஹுவாலியன் அருகே 7.2 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அடி வாங்கியது அந்தப் பகுதிதான். பாறைகள் விழுந்து சியாசிங்ஷுய் பாலம் உடைந்து கீழே போனது. சுரங்கங்களில் சிக்கியவர்கள் நடந்தே வெளியே வந்தார்கள். ஹுவாலியனுக்கு வடக்கே சாலைத் தொடர்பு அறுந்தது.

அப்போது பொறியாளர்கள் பக்கத்தில் நின்ற ஒரு பழைய பாலத்தைப் பார்த்தார்கள். ஜப்பானியர் காலத்தில், மூன்றாவது வெட்டின்போது கட்டியது. பல பத்தாண்டுகளாக யாரும் பயன்படுத்தாதது. அதன் மேல் எஃகு உத்தரங்களைப் போட்டு வலுப்படுத்தி, சில நாட்களிலேயே சிறு வண்டிகளைக் கட்டுப்பாட்டோடு போக விட்டார்கள். 2024-ல் சாலை அறுந்த இடத்தில் 1930-களின் பாலம் கைகொடுத்தது. மேலிருந்து கல் விழாமல் இருக்கிறதா என்று ஆட்கள் பார்த்துக்கொண்டே நிற்க, குறித்த நேரத்தில் வரிசை வரிசையாக வண்டிகள் கடந்தன. கட்டுப்பாட்டுக் கதவின் காலம் சில வாரங்களுக்குத் திரும்பி வந்தது.

எஞ்சிய பகுதிகளையும் மலைக்குள் கொண்டுபோகும் அடுத்த திட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவைக் கேட்டு மேற்கே இருப்பவர்கள் சிலர், ஒரு சிலருக்காக இவ்வளவு பணமா என்கிறார்கள். இந்தச் சாலையின் வரலாற்றைப் படித்த யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். முதல் வெட்டு பேரரசின் மானத்துக்காக. இரண்டாவது காவலருக்காக. மூன்றாவது குடியேறியவர்களின் வணிகத்துக்காக. நான்காவது லாரிகளுக்கும் சுற்றுலாவுக்கும் மிகவும் பயன்பட்டது. அந்த நான்கிலும் கரையில் வாழ்ந்தவர்கள் உழைப்பையோ நிலத்தையோ உயிரையோ கொடுத்தார்கள். ஐந்தாவது வெட்டில்தான் முதன்முறையாக, இங்கே வாழ்பவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது ஒரு திட்டத்தின் முதல் வரியாக எழுதப்பட்டது. அதைப் பாதியில் விடுவது நியாயமாகாது.

அதோடு இன்னொரு கடனும் உண்டு. லுவோ டாசுனுக்குச் சூஆவில் கல்வெட்டு இருக்கிறது. இந்தச் சாலையில் மாண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. ஊர் எரிந்த சக்கிசாயாக்கள், மலையிலிருந்து இறக்கப்பட்ட ட்ருக்குகள், பெயரில்லாமல் பாறை உடைத்த கூலிகள் ஆகியோரின் வரலாற்றையும் வழிநெடுக எழுதி வைக்கும் நாளில்தான் சூஹுவா முழுமையான சாலை ஆகும்.

அடுத்த இதழில் இன்னும் வடக்கே போவோம்: ஜப்பானின் எடோவையும் கியோட்டோவையும் இணைத்த டோகைடோ கடலோர வழியும், அதன் 53 தங்குமிடங்களும்.

(தொடரும்)